லைன் என்றால் எந்த லைன்? மலைக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்பவர் காதில் முதல் வாரத்திலேயே ‘லைன்’ என்ற சொல் பல விதமாக விழும். எஸ்டேட்டில் மேஸ்திரி, “தம்பி, கீழ் லைனுக்குப் போய் ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க” என்பார்; அது தொழிலாளர் குடியிருப்பு. காற்றில் கற்பூர மரம் சாய்ந்தால் “லைன் கட்”, அது மின்கம்பி. ஸ்டேஷனில் “லைன் கிளியர்”. போனில் “லைன்லயே இருங்க”. தையல் கடையில் “கோட்டுக்கு லைனிங் வெக்கலாமா?” டாக்சி ஸ்டாண்டில் “லைனிங் தேஞ்சு போச்சு, வண்டி எடுக்கல.” விடுதியில் தங்கிக் கிளம்பும் வெளிநாட்டுக்காரர் “டிராப் மீ எ லைன்” என்று கையசைத்துவிட்டுப் போகிறார். ரிசப்ஷனில் புதிதாக நிற்கும் பையன், அவரை எங்கே டிராப் பண்ணச் சொல்கிறார் என்று புரியாமல் வண்டிச் சாவியைத் தேடுகிறான். அவர் கேட்டது வண்டி இல்லை. ஊருக்குப் போன பிறகு இரண்டு வரி எழுதிப் போடச் சொன்னார், அவ்வளவுதான்.

விடுதி, எஸ்டேட் ஆபீஸ், டாக்சி, மலைநடை வழிகாட்டி வேலை, சாக்லேட் கடை என்று எங்கே சேர்ந்தாலும் இந்த ஒரு சொல் உங்களை விடாது. எழுத்துக் கூட்டியாவது ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். 80 பக்க நோட்டு ஒன்று, நாளுக்குக் கால் மணி நேரம், மூன்று வாரம். அகராதியை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதில் இந்தச் சொல்லுக்கு வரிசையாக முப்பது நாற்பது பொருள் போட்டிருக்கும். மனப்பாடம் செய்தால் நாலாம் நாளே குழம்பிவிடும்.

முதல் படி: நூலைப் பிடியுங்கள்

லைன் என்ற சொல்லின் வேர் ஒரு செடி. லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச் செடி; நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை விற்கிறார்களே, அதே செடிதான். அதன் தண்டிலிருந்து எடுத்த நாரைத் திரித்த நூல் ‘லீனியா’. அந்த லீனியாதான் ஆங்கிலத்துக்கு வந்து லைன் ஆனது. ‘லினன்’ துணியும் அதே செடியின் பிள்ளை.

ஆகவே லைன் என்றதும் மனதில் கோடு வரையாதீர்கள். ஒரு நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருப்பதாக நினையுங்கள். தமிழருக்கு இது கடினமே இல்லை. நம் ‘நூல்’ ஏற்கெனவே இதே வேலையைச் செய்கிறது. துணி தைக்கவும் நூல், படிக்கவும் நூல். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிறார். நேராக இருந்தால் “நூல் பிடிச்ச மாதிரி இருக்கு” என்கிறோம். ஒருவன் மனதை ஆழம் பார்ப்பது ‘நூல் விட்டுப் பார்ப்பது’. இன்னொன்றும் உண்டு. கம்பிக் கடையில் ‘மூணு நூல் கம்பி’ என்றால் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குக் கனம். அங்கே ஒரு நூல் என்பது எட்டில் ஓர் அங்குலம். ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் லைன் ஓர் அளவாக இருந்தது, அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அளவு மட்டும்தான் வேறு, யோசனை ஒன்றே.

இந்த நூலை நான்கு நிலையில் பாருங்கள்.

இழுத்துக் கட்டிய நூல்: துணி காயப்போடும் கொடி, தூண்டில் நூல், தாளில் போட்ட கோடு, கையில் ஓடும் ரேகை, முகத்தில் விழும் சுருக்கம். எல்லாமே ஆங்கிலத்தில் லைன். கோடு என்றாலே நேராக இருக்க வேண்டும் என்பதில்லை. வளைந்தாலும் லைன்தான், நேர்கோடு என்று குறிப்பாகச் சொல்ல ‘ஸ்ட்ரெயிட் லைன்’ என்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தைத் தூரத்தில் நின்று பாருங்கள். மண் அரிக்காமல் இருக்க ஒரே உயரத்தை ஒட்டி நட்டிருப்பதால் செடி வரிசை மலையோடு சேர்ந்து வளைந்து போகும்.

வேலியாகக் கட்டிய நூல்: எல்லை, வரம்பு. இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் தப்பு. சாலை நடுவில் முறியாமல் போட்ட கோடு, “தாண்டாதே” என்கிறது. விட்டு விட்டுப் போட்டது, “பார்த்துத் தாண்டு” என்கிறது. ‘கிராஸ் த லைன்’ என்றால் அளவு மீறிவிட்டாய் என்று பொருள் வருவது இந்த எல்லையிலிருந்துதான்.

எதையாவது கடத்தும் நூல்: மின்சாரம், பேச்சு, தண்ணீர், ரயில். பவர் லைன், போன் லைன், பைப்லைன், ரயில்வே லைன்.

மணி கோத்த நூல்: ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. ஆள் வரிசை, வீட்டு வரிசை, எழுத்து கோத்த வரி, நடிகன் பேச வேண்டிய வசனம், தலைமுறை கோத்த வம்சம், ஒரே தொழிலில் தொடர்ந்து வரும் துறை.

புதிய வாக்கியம் காதில் விழுந்ததும் இந்த நான்கில் எது என்று மட்டும் முதலில் கேளுங்கள். பொருள் முழுதாகப் பிடிபடாவிட்டாலும் பாதி வழி வந்துவிடுவீர்கள். “வாட் லைன் ஆர் யூ இன்?” என்று ஒருவர் கேட்டால் அது கோத்த நூல்: என்ன தொழிலில் இருக்கிறீர்கள் என்கிறார். எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளை “கீழ் லைன்” என்று வீட்டைச் சொல்லிவிடும்.

மலைநடைக்கு ஆள் கூட்டிப் போகும் வேலையில் சேர்பவர்கள் முதல் நிலையை நன்றாகப் பழக வேண்டும், ஏனெனில் வரைபடத்தில் ‘கான்டூர் லைன்’, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் கோடு, பார்க்கத் தெரியாமல் வழி சொல்ல முடியாது. இந்திய நில அளவைத் துறையின் ஒன்றுக்கு 50,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். ஒரு கான்டூர் கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடிமனாக இருக்கும். தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோட்டுக்கு 100 மீட்டர் ஏற்றம். அந்த இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்குள் நெருங்கி நின்றால் 500 மீட்டர் நடைக்குள் 100 மீட்டர் ஏற வேண்டும். வயதானவர்களை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். “த லைன்ஸ் ஆர் க்ளோஸ் ஹியர், இட்ஸ் ஸ்டீப்” என்று வரைபடத்தைக் காட்டிச் சொன்னால் வந்தவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

ரயிலைப் பற்றிக் கேட்கும் பயணிகளிடமும் மூன்று சொல்லைப் பிரித்துச் சொல்லுங்கள். ‘ரெயில்’ என்பது ஒற்றை இரும்புத் தண்டவாளம். ‘டிராக்’ என்பது இரண்டு தண்டவாளமும் கட்டைகளும் சேர்ந்த பாதை; கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் பட்டையும் சேர்ந்திருக்கும். ‘லைன்’ என்பது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரையிலான ஏறக்குறைய 46 கிலோமீட்டர் தடம் முழுவதும். 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் எட்டியது அந்த லைன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் “த டிராக் இஸ் பிளாக்டு, ஸோ நோ டிரெயின்ஸ் ஆன் த லைன் டுடே” என்று சொல்வது திருத்தமான ஆங்கிலம். அடைபட்டது டிராக், நின்றுபோனது லைன்.

இரண்டாம் படி: முன்னால் நிற்கும் குட்டிச் சொல்

தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். தமிழில் ‘லைன்ல’ என்று ஓர் உருபு போட்டால் எல்லாப் பொருளும் வந்துவிடும். வரிசையில் நின்றாலும் லைன்ல, போனில் இருந்தாலும் லைன்ல, வீட்டில் இருந்தாலும் லைன்ல. ஆங்கிலம் அப்படி விடாது. அந்த ‘ல’வை இன், ஆன், அலாங், டவுன், பிட்வீன், அவுட் ஆஃப் என்று உடைத்து வைத்திருக்கிறது. உடைந்த ஒவ்வொன்றும் ஒரு தனிப் பொருள்.

இன் லைன்: வரிசைக்குள். “ஷி இஸ் இன் லைன்” என்றால் வரிசையில் நிற்கிறார். அமெரிக்கர் இப்படிச் சொல்வார். பிரிட்டிஷ்காரர் ‘கியூ’ என்பார். நியூயார்க்காரர் இதற்கே ‘ஆன் லைன்’ என்பதும் உண்டு, அதைக் கேட்டு இணையத்தில் டிக்கெட் எடுத்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். பின்னால் ‘ஃபார்’ வந்தால், கிடைக்கும் முறை வந்துவிட்டது: “இன் லைன் ஃபார் எ ப்ரமோஷன்”. பின்னால் ‘வித்’ வந்தால், ஒத்துப்போகிறது: “த ரேட் இஸ் இன் லைன் வித் அதர் ஹோட்டல்ஸ்”, மற்ற விடுதிகளை ஒட்டித்தான் வாடகை.

அவுட் ஆஃப் லைன்: இதில்தான் வம்பு. ஏப்ரல், மே சீசனில் படகுத்துறை டிக்கெட் கவுன்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வரிசையை விட்டு முன்னால் வருகிறார். கவுன்ட்டரில் புதிதாக நிற்பவர் மரியாதையாகத்தான் சொல்கிறார்: “சார், யூ ஆர் அவுட் ஆஃப் லைன்.” எதிரே நிற்பவர் முகம் சிவக்கிறது. ஏன்? வரிசைக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று சொல்ல நினைத்தார். அவர் காதில் விழுந்ததோ, “நடத்தை சரியில்லை, வரம்பு மீறிப் பேசுகிறீர்கள்” என்று. ஆளைப் பார்த்து அவுட் ஆஃப் லைன் என்றால் அது கண்டிப்பு. பொருளைப் பற்றிச் சொன்னால் வம்பில்லை. மேசை வரிசையில் ஒன்று விலகி நின்றால் “திஸ் டேபிள் இஸ் அவுட் ஆஃப் லைன்” சரியே. கவுன்ட்டரில் சொல்ல வேண்டியது: “ப்ளீஸ் ஜாயின் த கியூ, சார்.”

ஆன் த லைன்: மூன்று வேலை. துணி ஆன் த லைன் என்றால் கொடியில் கிடக்கிறது (இந்தப் பனியில் மூன்று நாள் ஆனாலும் காயாது, அது வேறு). ஆள் ஆன் த லைன் என்றால் போனில் காத்திருக்கிறார். “மை ஜாப் இஸ் ஆன் த லைன்” என்றால் வேலை போகிற நிலை. பெயர், மானம், பணம் எல்லாம் இப்படி ஆன் த லைன் வரும். மேனேஜர் இதைச் சொன்னால் “யார் சார் லைன்ல?” என்று கேட்டுவிடாதீர்கள்.

அலாங்: ஓர் ‘ஸ்’ சேர்வதில் பொருள் மாறும். “ஸம்வேர் அலாங் த லைன்” என்றால் நடுவில் எங்கோ ஒரு கட்டத்தில். பில் எங்கோ தவறிவிட்டது என்று சொல்ல இது உதவும். “அலாங் த லைன்ஸ் ஆஃப்” என்றால் அது போன்ற. இஞ்சி டீயோ அலாங் தோஸ் லைன்ஸ் ஏதாவதோ கேட்டால், மசாலா டீ கொடுத்தாலும் மகிழ்ச்சிதான் என்று பொருள்.

டவுன் த லைன்: பின்னாளில். மலையிலிருந்து கீழே இறங்குவதோடு இதற்குத் தொடர்பில்லை. பிட்வீன் த லைன்ஸ்: எழுதாமல் விட்டதைப் புரிந்துகொள்வது, முன்னால் பெரும்பாலும் ‘ரீட்’ வரும்.

மூன்றாம் படி: நூலை என்ன செய்கிறார்கள்

அடுத்து வினையைக் கவனியுங்கள். டிரா என்றால் வரைவது. “டிரா எ லைன்” என்று வாத்தியார் சொன்னால் ஸ்கேல் எடுங்கள். “ஐ டிரா த லைன் அட் ஸ்மோக்கிங் இன் த ரூம்” என்று விடுதிக்காரர் சொன்னால், மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்வேன், அறைக்குள் புகைப்பதை மட்டும் விடமாட்டேன் என்கிறார். அடையாளம்: எல்லைப் பொருளில் ‘த’வும் ‘அட்’டும் சேர்ந்து வரும், அட்டுக்குப் பின்னால் வருவதுதான் பிடிக்காத பொருள்.

ஹோல்ட் த லைன் என்றால் போனை வைக்காதீர்கள். டோ த லைன் என்றால் சொன்னபடி கேட்டு நடப்பது. ஓட்டப் பந்தயத்தில் தொடக்கக் கோட்டில் கால்விரலை வைத்து நிற்பார்களே, அந்தக் கால்விரல் ‘டோ’. இதை வண்டியைக் கட்டி இழுக்கும் ‘டோ’ என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலேயரிலேயே நிறைய. எழுத்து வேறு, கவனம்.

டிராப் எ லைன் சொல்லியாயிற்று. “சைன் ஆன் த டாட்டட் லைன்” என்றால் புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போடுவது, ஒப்புக்கொள்வதற்கும் அதே சொல். ‘ஹுக், லைன் அண்ட் சிங்கர்’ தூண்டில்காரர் பேச்சு: முள், நூல், ஈயக்குண்டு மூன்றையும் மீன் விழுங்கியது போல ஒருவன் பொய்யை முழுசாக நம்பிவிட்டான். ‘ஃபீடிங் மீ எ லைன்’ என்றால் கதை விடுகிறான். விடுதியில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இளைஞர் கூட்டம் ‘டூ எ லைன்’ என்று தணிந்த குரலில் பேசினால் அது போதைப் பொடி. நைசாக விலகி மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பள்ளி விடுதிகளில் வேலைக்குச் சேர்பவர்கள் இன்னொன்று கேட்பீர்கள். “ஹி காட் ஹன்ட்ரட் லைன்ஸ்.” பையனுக்கு நாடகத்தில் நூறு வசனம் கிடைத்துவிட்டதென்று பாராட்டாதீர்கள். நாம் இம்போசிஷன் என்போமே, அதுதான்.

நான்காம் படி: தமிழ் லைனை ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்

லைன் தமிழுக்கு வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. வந்த இடத்தில் தனிக் குடித்தனம் போட்டுவிட்டது. அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு அனுப்பினால் பிறந்த வீட்டில் அடையாளம் தெரியாது.

‘லைன் வீடு’ அப்படித்தான். பிரிட்டிஷ் படையில் கூடாரமும் பாராக்கும் வரிசையாக நிற்கும் இடத்துக்கு ‘லைன்ஸ்’ என்று பெயர். ஊருக்கு ஊர் இருக்கும் ‘போலீஸ் லைன்’ தெருப் பெயர்களில் அது இன்னும் இருக்கிறது. எஸ்டேட்டில் ஒரே கூரையின் கீழ் சுவரைப் பங்குபோட்டு நின்ற தொழிலாளர் குடியிருப்புக்கும் அதே சொல். ஆனால் இன்றைய வெளிநாட்டுக்காரரிடம் “ஐ லிவ் இன் லைன்” என்றால் விழிப்பார். “ஐ லிவ் இன் த எஸ்டேட் க்வார்ட்டர்ஸ்” என்றால் புரியும். பழைய ஆவணங்களில் லைனுக்கு முன்னால் வரும் ‘கூலி’ என்ற சொல்லை எந்த மொழியிலும் வாயில் எடுக்காதீர்கள். இன்னொன்று: படகர் ஹட்டிகளிலும் வீடுகள் வரிசையாகச் சுவர் சேர்ந்து நிற்பதைப் பார்த்து, அதையும் லைன் வீடு என்று சொல்லிவிடாதீர்கள். அது அவர்கள் முன்னோர் ஊர். ‘ஹட்டி’ என்றே சொல்லுங்கள்.

‘லைன் கிளியர்’ ரயில்காரர் சொல். ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் “பாதை காலி, அனுப்பலாம்” என்று உறுதி தந்தால்தான் இந்த ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பும். தமிழர் அதை எடுத்து எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டோம்: வீட்டில் சம்மதித்தாலும் லைன் கிளியர், மேனேஜர் லீவில் போனாலும் லைன் கிளியர். நல்ல தமிழ்தான். ஆனால் மேனேஜர் இல்லை, பயமில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்வது ‘த கோஸ்ட் இஸ் கிளியர்’. அவர்கள் கடல்காரர்கள், கரையைத்தான் பார்ப்பார்கள்.

“லைன் கிடைக்கல” என்பதற்கு “ஐ டிட்நாட் கெட் லைன்” சரிவராது. “ஐ குட்நாட் கெட் த்ரூ” என்க வேண்டும். லைன் பிசி சரி. பேச்சு நடுவில் அறுந்தால் “த லைன் வென்ட் டெட்”. ‘லைன் பஸ்’ அங்கே ‘ரெகுலர் பஸ்’. பெண்ணுக்கு லைன் விடுவது, லைன் போடுவது எல்லாம் நம் சரக்கு. ஆங்கிலத்தில் ‘பிக்கப் லைன்’ என்று ஒன்று உண்டு, ஆனால் அது பின்னால் சுற்றுவது இல்லை, பேச்சைத் தொடங்கச் சொல்லும் ஒற்றை வாக்கியம். கோத்த நூல்.

‘ரோ’வையும் ‘லைன்’ஐயும் கலக்காதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ரோ: நாற்காலி, தேயிலைச் செடி, பல். ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் நின்றால் லைன். சாலையில் வண்டி போகும் பட்டை ‘லேன்’. “லைன் மாறாதே” என்று டிரைவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் “கீப் டு யுவர் லேன்” என்று மாற்றுங்கள்.

லைனிங்: தையல்காரரும் டிரைவரும் மேகமும்

இது தனிக் குடும்பம், ஆனால் அதே ஆளிச் செடிதான். பழைய காலத்தில் கம்பளிக் கோட்டு உடம்பை உறுத்தாமல் இருக்க உள்ளே லினன் துணி வைத்துத் தைத்தார்கள். லினன் வைப்பது ‘டு லைன்’. வைத்த துணி ‘லைனிங்’. இன்று உள்ளே பாலியெஸ்டர் வைத்தாலும் பெயர் லினனுடையது.

ஆகவே வினையாக வரும் லைனுக்கு ஒரு பொருள், உட்புறம் முழுக்க மூடுவது. அலமாரித் தட்டில் பேப்பர் விரிப்பது, கேக் தட்டில் பட்டர் பேப்பர் போடுவது, வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசுவது எல்லாம் ‘லைன்’. பேக்கரியில் சேர்ந்தவரிடம் “லைன் த டின்” என்று சொன்னால் தகரத்தில் கோடு கிழிக்கச் சொல்லவில்லை. பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையும் லைனிங். இறக்கத்தில் கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே நின்றுகொண்டு வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்புத் தளரும். கருகிய வாடை வந்தால் பர்லியாறு வரை இழுக்காமல் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். ‘லைன் ஹிஸ் பாக்கெட்ஸ்’ என்றால் தன் பைக்குள் பணத்தை லைனிங்காக வைத்துத் தைத்துக்கொண்டான், அதாவது அடித்துவிட்டான்.

வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு, அது கோத்த நூலிலிருந்து: “சில்வர் ஓக்ஸ் லைன் த ரோடு”, சாலையோரம் வரிசை வரிசையாகச் சில்வர் ஓக். எது என்று அறிய, உள்ளே மூடுகிறதா, ஓரமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

‘சில்வர் லைனிங்’ என்பதைத் தமிழில் ‘வெள்ளிக் கோடு’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. அது கோடே இல்லை. மேகத்துக்குள்ளே வெள்ளித் துணியை உள்துணியாகத் தைத்திருக்கிறது என்பது அந்தச் சொல் காட்டும் படம். கருமேகத்துக்குப் பின்னால் வெயில் வரும்போது ஓரத்தில் தெரியும் வெளிச்சம், உள்ளே தைத்த அந்த வெள்ளித் துணி வெளியே எட்டிப் பார்ப்பதுதான்.

ஒட்டுச் சொற்கள்

ஹெட்லைன், கைட்லைன், அவுட்லைன், ஏர்லைன், ஸ்கைலைன் என்று ஒட்டி வருபவை பெரும்பாலும் முதல் பாதியைப் பார்த்தாலே விளங்கும். இரண்டு மட்டும் விளங்காது. ‘பாட்டம் லைன்’ கணக்குப் புத்தகத்தில் கடைசி வரி, எல்லாம் கழித்து மிச்சமான லாபம். அதனால் ‘சுருக்கமாக, முடிவு இதுதான்’ என்ற பொருளும் வந்தது. ‘டெட்லைன்’ இன்னும் கொடூரம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் கைதி முகாமில் சுற்றுச்சுவருக்கு உள்ளே தாழ்வாக ஒரு தடுப்பு போட்டிருந்தார்கள். கைதி அதைத் தொட்டாலோ தாண்டினாலோ காவலர் சுட்டுவிடுவார். அதுதான் செத்த கோடு. இன்று ஜிஎஸ்டி கணக்குக்கு டெட்லைன் என்கிறோம்.

வாய்க்குப் பழக்குங்கள்

லைன் ஒரே அசை. முடிவில் ‘உ’ ஒட்டாதீர்கள். ‘லைனு’ என்பது தமிழ்ப் பேச்சுக்கு அழகு, ஆங்கிலத்தில் இடறும். நாக்கு நுனி மேல்பல் பின்னால் நின்றதும் மூச்சை நிறுத்திவிடுங்கள். ‘லைன்ஸ்’ என்று முடிக்கும்போது பாம்புச் சீறல் வேண்டாம், வண்டு ரீங்காரம் வர வேண்டும். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வது தெரியும்.

‘லயன்’ என்று இரண்டு அசையாகச் சொன்னால் அது சிங்கம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்கள் குடியிருப்பு வரிசையை ‘லயன்’, ‘லயம்’ என்றுதான் சொல்வார்கள். “லயத்துல இருக்காங்க” என்றால் பாட்டோடு சேர்ந்த லயமும் இல்லை, சிங்கமும் இல்லை. அவர்கள் பேச்சில் அது பிழையும் இல்லை, திருத்தப் போகாதீர்கள். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் ஓரசையாக்கினால் போதும். ஆஸ்திரேலியாக்காரர் வாயில் ‘லேன்’ என்பது நம் காதுக்கு ‘லைன்’ போலவே விழும். முகவரி கேட்கிறார் என்றால் தெருவைத்தான் கேட்கிறார்.

நோட்டு எழுதும் முறை

பக்கத்தை மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் கேட்ட வாக்கியம் முழுதாக. நடுவில் லைனுக்கு முன்னும் பின்னும் நின்ற குட்டிச் சொல். மூன்றாவதில் தமிழ்ச் சொல்; அங்கே ‘லைன்’ என்று எழுத அனுமதி இல்லை. கோடு, வரி, வரிசை, கொடி, கம்பி, எல்லை, ரேகை, வசனம், வம்சம், துறை, எது பொருந்துகிறதோ அது. நாளுக்கு மூன்று வாக்கியம், 21 நாளில் 63. நடுப் பத்தியை விட்டுவிடுபவர்கள்தான் இரண்டு மாதம் கழித்தும் ஆன், இன் என்று தடுமாறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு, மற்ற இரண்டையும் வைத்து வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில் இந்தக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். விடுதிக்கு முன்பு வந்துபோன ஒரு பெண்மணி எழுதியதாக வைத்துக்கொள்வோம்:

“தேங்க்ஸ் ஃபார் யுவர் லைன்ஸ். டவுன் த லைன் வீ மே பிரிங் மை மதர் டூ. எ ரூம் அலாங் த லைன்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஒன் வில் டூ, பட் ஐ டிரா த லைன் அட் ஸ்டெயர்ஸ். இஃப் த பிரைஸ் இஸ் இன் லைன் வித் லாஸ்ட் இயர்ஸ், டிராப் மீ எ லைன் பை ஃபிரைடே.”

ஆறு லைன். முதல் வாரத்தில் இதைப் பார்த்த பையன், டவுன் த லைன் என்பதை மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ரயில் என்று எடுத்துக்கொண்டு, படிக்கட்டில் கோடு போடப் பெயிண்டரைக் கூப்பிட்டிருப்பான். அந்த அம்மா சொன்னது இது: நீங்கள் எழுதியதற்கு நன்றி. பின்னால் எப்போதாவது அம்மாவையும் கூட்டி வருவோம். போன தடவை தந்தது மாதிரி அறை போதும், படி ஏறுவது மட்டும் ஆகாது. வாடகை போன வருடத்தை ஒட்டி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

பதிலில் அவரைப் போலவே லைனை அடுக்கிக் காட்ட வேண்டாம். “கிரவுண்ட் ஃப்ளோர் ரூம் இஸ் ஃப்ரீ. சேம் ரேட். நோ ஸ்டெப்ஸ் ஃப்ரம் த கார் டு த டோர்.” இதை வியாழக்கிழமையே அனுப்பிவிடுங்கள்; மழைக்காலத்தில் வெள்ளிக்கிழமை லைன் இருக்குமோ இருக்காதோ.